இளைத்தவள்

பூங்காவின் கிழக்கு வாசலை ஒட்டி, மாநகராட்சி நட்டு வைத்த மஞ்சளும் நீலமுமான உடற்பயிற்சிச் சாதனங்கள் சில இருந்தன. அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து எதிரே உள்ள கட்டையைக் கால்களால் உந்தினால் இருக்கை பின்னால் உயரும். விட்டால் இறங்கும். ஒரு டிசம்பர் காலை என் மனைவி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, புடவையை முழங்காலோடு ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் ஏறி உந்திக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் வேர்வை. முகத்தில் பள்ளிக்கூடத்துப் பெண்ணின் சிரிப்பு. என் சுற்றை முடித்துக்கொண்டு வந்த நான் அதைப் பார்த்ததும் நின்றேன்.

"இறங்கும்மா. சின்னப் பிள்ளைங்க விளையாடுற சாமான் அது. நாலு பேர் பார்க்கிறாங்க."

"பார்த்தா பார்க்கட்டும். தொடையில சுறுசுறுன்னு ஏறுதுங்க, நல்லாத்தான் இருக்கு. நீங்களும் ஒரு தடவை உக்காந்து பாருங்களேன்."

"உனக்கு டாக்டர் சொன்னது நடை. இறங்கு."

இறங்கினாள். குனியாமல் காலாலேயே துழாவிச் செருப்பைத் தேடினாள். பிறகு வழக்கம்போல எனக்குப் பின்னால் நடந்தாள். அன்று நான் அவளிடமிருந்து எதைப் பறித்தேன் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு இதயத்தில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது மருத்துவர் தினமும் வேகமாக நடக்கச் சொன்னார். நடந்தேன். மூச்சு சீரானது, மாடிப்படி எளிதானது, சாகும் பயம் விலகியது. பயத்திலிருந்து மீண்டவனுக்கு அவனை மீட்டது வேதமாகிவிடும். காக்ஸ் டவுனிலிருந்து அந்தப் பூங்காவுக்கு வரும் ஓய்வுபெற்றவர்களை எல்லாம் சேர்த்து ஒரு கூட்டமாக்கினேன். மழையானாலும் நடை, திருவிழாவானாலும் நடை. மனைவிக்குச் சர்க்கரை தலைகாட்டியதும் அவளையும் சேர்த்துக்கொண்டேன். நடையோடு நிறுத்தவில்லை. சோற்றைக் குறைத்தேன். கொழுப்பு என்று சொல்லி முட்டையையும் ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் அவள் தட்டிலிருந்து எடுத்தேன். அரசுப் பணியில் பொறியாளனாக இருந்தவன் நான். ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டே காலம் தள்ளியவன். வீட்டுக்குள் நடமாடிய இரண்டு கால்களைப் பற்றி ஒரு நாளும் அப்படி யோசிக்கவில்லை.

அவள் இளைத்தாள். எங்கள் அம்மாக்களின் காலத்தில் "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்பது கவலைப்பட்டுக் கேட்கும் கேள்வி. இளைப்பது என்றால் மெலிவது மட்டுமல்ல, களைப்பதும் தளர்வதும்கூட. வலுவில்லாதவனைத்தான் இளைத்தவன் என்கிறோம். பூங்காவில் அந்தச் சொல் எப்படியோ பாராட்டாக மாறியிருந்தது. எங்கள் கூட்டத்தில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற கன்னடக்காரர் ஒருவர் இருந்தார். "ஏன் சார், மேடம் ஃபுல் இளைச்சிட்டாங்க! நம்ம மனேலயும், அதான் வீட்லயும், ஸ்வல்ப சொல்லிக் குடுங்க சார்" என்று உரக்கக் கேட்பார். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் தளர்ந்து போன ரவிக்கைக் கையை இழுத்து விட்டுக்கொள்வாள். எனக்கு நெஞ்சு நிமிரும், ஏதோ நானே செதுக்கிய சிலையைப் பாராட்டியதுபோல.

லிங்கராஜபுரத்தில் இருக்கும் என் தங்கை மகள் பிசியோதெரபி படித்தவள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள், தன் அத்தை சோஃபாவிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொன்னாள். என் மனைவி முன்னால் சாய்ந்து முயன்றாள், பின்னால் விழுந்தாள், மறுபடி முயன்றாள். முடியவில்லை. இரண்டு பெண்களும் முதலில் சிரித்தார்கள். பிறகு சின்னவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"மாமா, நடக்கிறது ஹார்ட்டுக்கு நல்லது, சர்க்கரைக்கும் நல்லது. வேண்டாங்கல. ஆனா சதைக்குத் தனியா வேலை குடுக்கணும். வாரத்துல ரெண்டு மூணு நாள் நடையைக் குறைச்சிட்டு வெயிட் தூக்கட்டும், உக்காந்து எழும்பட்டும். அந்த முட்டையைத் திருப்பிக் குடுங்க. அத்தை இளைக்கல மாமா, கரையிறாங்க."

"உங்க அத்தையைப் பயில்வானாக்கப் போறியா?"

"ஆனாத்தான் என்ன?" என்றாள் என் மனைவி. "உங்களைத் தூக்கிக் கடாசிட்டு நிம்மதியா இருப்பேன்."

அடுத்த வாரம் அந்தப் பெண் இரண்டு சின்ன டம்பெல்கள் வாங்கி வந்து கொடுத்தாள். நான் அவற்றைப் பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டாக வைத்தேன்.

பிறகு வந்த அறிகுறிகள் எதுவும் மறைவாக வரவில்லை. ஞாயிறு பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது எழுந்தேற்ற மணி அடித்ததும் முழந்தாளிடுவாள். எழும்போது முன் பெஞ்சை இரண்டு கைகளாலும் பற்றி இழுப்பாள். பெஞ்சு கிறீச்சிடும். முன்னால் இருப்பவர்கள் திரும்புவார்கள். ஒரு முறை அவள் எழ முடியாமல் பாதியில் நின்றுபோனபோது நான் அக்குளில் கை கொடுத்து வெடுக்கென்று இழுத்தேன். அவளுக்கு வலித்ததைவிட எனக்கு வெட்கம்தான் அதிகம்.

"இனிமே உக்காந்தே இரு. வயசாச்சு, ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல" என்றாள்.

அதற்குப் பிறகு கோயிலில் அவள் முழந்தாளிடவில்லை. எல்லோரும் கீழே இறங்கும் நேரத்தில் அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. தங்கை மகள் வந்துபோன மறுநாளே இணையத்தில் தேடிப் படித்தேன். வயதானவர்களுக்குத் தசை எப்படிக் கரைகிறது, அதற்கு எடைப் பயிற்சி ஏன் வேண்டும் என்று தெளிவான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படித்து முடித்தேன், புரிந்தது, மூடி வைத்தேன். அவள் டம்பெல்லைக் கையில் எடுத்தால் அது அவளுடைய பயிற்சியாகிவிடும். நடை என்னுடையது. அவள் எனக்குப் பின்னால் வர வேண்டும், அவள் இளைத்ததற்கு ஊர் என்னைப் பாராட்ட வேண்டும். இவ்வளவு சின்ன ஆசைக்காகத்தான் அத்தனையும். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொன்னபோது, "நல்ல எண்ணத்தில்தானே செய்தீர்கள்" என்று அவர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. நல்ல எண்ணம் இருக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் சமையலறையில் கீழ்த்தட்டிலிருந்து குக்கரை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிர முடியாமல் பக்கவாட்டில் சரிந்தாள். சத்தம் கேட்டு ஓடினேன். ஓடுவதில் எனக்குக் குறையே இல்லை, மூச்சுகூட வாங்கவில்லை. அவள் தோளுக்கடியில் கைகளைக் கொடுத்துத் தூக்கினேன். அசையவில்லை. மண்டியிட்டுத் தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது, பிடி நழுவியது. கையும் தோளும் முதுகும் எனக்கும் எப்போதோ கரைந்து போயிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் அந்தத் தரையில் கிடந்தோம். வலியில் வாய் கோணியிருந்தவள் என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு இளைச்சும் உங்களால தூக்க முடியலையே" என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். அவளுக்குக் கோபப்படத் தெரியாது. கடைசியில் மேல்வீட்டு ஐ.டி. தம்பதி வந்தார்கள். "அங்கிள், நீங்க நகருங்க ப்ளீஸ்" என்று அந்தப் பெண் என்னை ஒதுக்கிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை நன்றாக முடிந்தது என்றார்கள். எலும்பு கூடியது, அவள் எழவில்லை. தங்கை மகள் தினமும் வந்து வாக்கரைப் பிடிக்க வைத்து நிறுத்தப் பார்த்தாள். "இன்னும் ஒரே ஒரு தடவை, அத்தை." என் மனைவி முயல்வாள், கால்கள் கயிறுபோல மடங்கும். "எழும்பறதுக்கு உள்ள ஒண்ணும் மிச்சமில்லடி" என்று ஒரு நாள் சொன்னாள். நான் முட்டை அவித்துக் கொண்டுபோனேன், கறிச்சாறு வைத்துக் கொண்டுபோனேன். ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். படுக்கையிலேயே சளி நெஞ்சில் இறங்கியது. மழைக்காலம் தொடங்கும்போது போய்விட்டாள். தங்கை மகள் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுவிட்டால் தேவலை.

போன மாதம் இதய மருத்துவரிடம் வழக்கமான பரிசோதனைக்குப் போனேன். இளைஞர், புதிதாக வந்தவர். திரையில் என் இதயம் சுருங்கி விரிவதை எனக்கே காட்டினார். "சூப்பரா இருக்கு சார். இந்த வயசுல இப்படி நான் பார்த்ததே இல்ல. இன்னும் ரொம்ப வருஷம் ஓடும். எப்படி மெயின்டெயின் பண்றீங்க?"

நடக்கிறேன் என்றேன். படுக்கையிலிருந்து எழ முயன்றேன், முடியவில்லை. நர்ஸ் கை கொடுத்தாள்.

இப்போது மத்தியானங்களில் இடப்பக்கமாகப் படுத்தால் தலையணைக்குள் என் இதயத்தின் அடி கேட்கிறது. சீராக, பலமாக அடிக்கிறது. நிற்பதாகத் தெரியவில்லை.