கூக்காலுக்குப் போக வேண்டிய கைடு எது?

இன்று வத்தலக்குண்டில் வேல்ராஜ் அண்ணனைச் சந்தித்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் புத்தகக் கடையில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்று, சுற்றிலும் ஆறு என்று ஏழு தடித்தடிப் புத்தகங்கள். எல்லாமே எம்பிஏ நுழைவுத் தேர்வு கைடுகள்! ஆளைப் பார்த்தால் நாற்பத்தைந்து வயது, சட்டைக் கையெல்லாம் பூண்டுச் சருகு. எனக்குக் குழப்பம். அவருக்கு என்னைவிடக் குழப்பம். நான் பேனா ரீஃபில் வாங்கப் போனவள், ஒன்றரை மணி நேரம் கழித்து ரீஃபில் வாங்காமலே திரும்பினேன். வந்த கையோடு தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேல்ராஜ் அண்ணன் மலைமேல் இருக்கும் கூக்கால் கிராமத்துக்காரர். பிக்கப் வண்டி ஓட்டுகிறார். செவ்வாயும் வெள்ளியும் ஊர்க்காரர்களின் பூண்டு, கேரட், பீன்ஸ் மூட்டைகளோடு மலையிறங்கி வந்து மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, மதியத்துக்கு மேல் திரும்ப ஏறுவார். நடுவில் கிடைக்கும் நேரம் முழுக்க ஊர்ச் சோலிதான். மேலே பேருந்து குறைவு, அதனால் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் அவரிடம்தான் சொல்லிவிடுவார்கள். இன்று அவர் பையில் மருந்தடிக்கும் மெஷினின் கிழிந்த வாஷர் ஒன்று, காலி மாத்திரை அட்டை ஒன்று, உடைந்த மிக்ஸி மூடி ஒன்று இருந்தன.

"சாம்பிள் இல்லாம நான் எதையும் வாங்குறதில்ல தங்கச்சி. பேரச் சொல்லிக் கேட்டா கடக்காரன் அவனுக்குத் தோணுனதத் தருவான். பழசக் காட்டுனா அதத்தான் தந்தாகணும்."

"யாரப்பா சொல்ற, என்னையா?" என்று கல்லாவிலிருந்து கேட்டார் கடைக்காரர் இராமலிங்கம்.

"ஒங்களச் சொல்வனாண்ணே. பொதுவாச் சொன்னேன்."

கைடுக்கும் சாம்பிள் வைத்திருந்தார். நான்காக மடித்த வெள்ளைத் தாள். அதில் நீல மையில் ஐந்து கேள்விகள். ஊரில் நல்லசாமி என்பவரின் மகள் சுகன்யா எழுதிக் கொடுத்தது. பி.காம் முடித்த பெண், டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி நல்ல கல்லூரியில் எம்பிஏ சேர ஆசை. பழைய கேள்வித்தாளில் தனக்கு வராத ஐந்தை எழுதி அனுப்பியிருக்கிறாள். இந்த ஐந்தும் எந்தப் புத்தகத்தில் விளக்கத்தோடு இருக்கிறதோ, அதுதான் கைடு. வாஷருக்கு வாஷர் ஒத்துப் பார்க்கிற மாதிரி!

அந்தப் பெண்ணே வந்து வாங்கியிருக்கலாமே என்றேன். தோட்டத்தில் ஆள் இல்லாத நேரமாம். ஃபோனில் இறக்கிப் படிக்கலாமே என்றேன். "ஏரிக்கு மேல மேட்டுல ஏறி நின்னாத்தான் எங்களுக்கு டவரு. அதுல ஒரு பக்கம் எறங்குறதுக்குள்ள பொழுதே எறங்கிரும்" என்றார்.

"சரி, அதுக்காக இவ்வளவு பாக்கணுமாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மடியில் இருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போன வருசத்துக் கதையைச் சொன்னார்.

போன வருசம் சாம்பிள் இல்லாமல் போயிருக்கிறார். வேறொரு ஊரில், வேறொரு கடையில், "எம்பிஏ கைடு குடுங்க" என்று கேட்டிருக்கிறார். கொடுத்தார்கள். அது ஏற்கெனவே எம்பிஏ சேர்ந்து படிக்கிறவர்களுக்கான முதல் வருசப் பாட கைடு! நுழைவுத் தேர்வுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"பிரிச்ச அன்னைக்கே அந்தப் புள்ள கண்டுபிடிச்சிருச்சு. எங்கிட்ட மூச்சு விடல. புக்கு எப்பிடித்தா இருக்குன்னு கேட்டேன், சூப்பர் சித்தப்பான்னுச்சு. நானும் நம்பிட்டு ஊரெல்லாம் பெரும பேசிட்டுத் திரிஞ்சேன். மார்க்கு வந்த பெறகு மூட்ட ஏத்தும்போது அவங்கம்மா அன்னக்கொடி பேச்சுவாக்குல சொல்லுது. மூட்டயப் போட்டுட்டு நேரா அதுகிட்டப் போனேன். ஏந்தாயி சொல்லலன்னு கேட்டா, நீங்க அலைஞ்சு வாங்கிட்டு வந்தீங்க, எப்பிடிச் சித்தப்பா சொல்றதுங்குது."

இந்த வருசம்தான் கடைசி என்று நல்லசாமி சொல்லிவிட்டாராம். இதிலும் மார்க் வரவில்லை என்றால் ஒட்டன்சத்திரத்தில் ஒரு மண்டியில் கணக்கு எழுதப் போக வேண்டும். பேசி முடித்தாகிவிட்டது.

"இப்பவும் நான் எதக் கொண்டுபோயிக் குடுத்தாலும் சூப்பர்னுதான் சொல்லும். அதான் தங்கச்சி பயமா இருக்கு. தப்புன்னா எனக்குத் தெரியவே தெரியாது."

பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணனுக்கு ஆங்கிலம் வராது, எண்களும் படங்களும் தெரியும். எனக்கு ஆங்கிலம் வரும், கணக்கு வராது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள் தேறும் என்று நினைத்தேன்.

தேறவில்லை! ஏழில் இரண்டு, கேட் என்கிற வேறொரு நுழைவுத் தேர்வுக்கானவை. "கேட் வேற, டான்செட் வேறயாண்ணே?" என்று இராமலிங்கத்தைக் கேட்டார் வேல்ராஜ் அண்ணன். "எல்லாம் ஒண்ணுதான்ப்பா, கேள்விதான் வேற" என்றார் அவர். இதற்கு என்ன அர்த்தம் என்று இந்த நிமிடம் வரை எனக்கு விளங்கவில்லை. இன்னும் இரண்டில் இந்த வருசத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் உள்ளே பழைய வருசம். நான் ஃபோனில் தேடினேன். மூன்று வீடியோவில் மூன்று பேர் மூன்று வேறு புத்தகத்தைச் சிறந்தது என்கிறார்கள். மூன்று பேர் முகத்திலும் அவ்வளவு உறுதி!

"ஏப்பா வேல்ராசு, பொண்ணு பாக்கக்கூட இம்புட்டு நேரம் ஆகாதுப்பா. ஒண்ண எடுத்துக்கிட்டு வெரசாக் கெளம்பு" என்றார் இராமலிங்கம்.

"பொண்ணு பாக்கும்போது நான் யோசிக்கவே இல்லண்ணே. அதான் இதுலயாச்சும் யோசிக்கிறேன்."

கடைசியில் மூன்று மிஞ்சின. செங்கல் கனத்தில் ஒரு சிவப்பு அட்டை, ஒரு நீல அட்டை, நோட்டு மாதிரி ஒல்லியாக ஒரு பச்சை. தாளில் இருந்த நான்காவது கேள்வியைப் படித்துச் சொன்னேன். அதில் விடையே கண்டுபிடிக்க வேண்டாம், கொடுத்திருக்கிற தகவலை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா முடியாதா என்று மட்டும் சொன்னால் போதும்.

"கணக்கே போட வேணாமா?"

"வேணாம்ணே. முடியுமான்னு சொன்னாப் போதும்."

"இது எங்கூருப் பஞ்சாயத்து மாதிரில்ல இருக்கு!"

சிவப்பில் ஐந்தும் இருந்தன. நீலத்தில் நான்கு. பச்சையில் மூன்றுதான், பை சார்ட் எனும் வட்டப்படக் கணக்கும், ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லி முடிவு கேட்கிற கேள்வியும் அதில் இல்லை. அப்புறம் என்ன, சிவப்புதான்! நான் துள்ளிவிட்டேன். இராமலிங்கம் கவர் எடுத்துவிட்டார். அண்ணன் மட்டும் அசையவில்லை. "இருக்குன்னா மட்டும் போதுமா? மாட்டிப் பாக்கணும்ல? மொதக் கணக்கப் படி தங்கச்சி."

ஒரு வண்டி அறுபது கிலோமீட்டர் மலையேறுகிறது, மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில். அதே வழியில் முப்பது வேகத்தில் இறங்குகிறது. போக வர சராசரி வேகம் என்ன? சிவப்புப் புத்தகம் இருபதையும் முப்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து இருபத்தைந்து என்று போட்டிருந்தது. எனக்கும் அதுதான் தோன்றியது.

"வராதே" என்றார் அண்ணன்.

"ஏண்ணே?"

"இருவதுல ஏறுனா அறுபது கிலோமீட்டருக்கு மூணு மணி நேரம். முப்பதுல எறங்குனா ரெண்டு மணி நேரம். வண்டி ஏத்தத்துலதான தங்கச்சி ரொம்ப நேரம் கெடக்கு? அப்ப நடுவுல எப்பிடி வரும்? போக வர நூத்தி இருவது, அஞ்சு மணி நேரம். அஞ்சால வகு."

இருபத்து நான்கு! பச்சைப் புத்தகத்தைப் புரட்டினேன். இருபத்து நான்கு. நீலத்திலும் இருபத்து நான்குதான், ஆனால் விடை மட்டும், எப்படி வந்தது என்று ஒரு வரி கிடையாது.

"ஒரு கணக்கு அச்சுல மாறியிருக்கும்ப்பா. அதுக்காக அம்மாம் பெரிய புக்க வேணாம்பியா?" என்றார் இராமலிங்கம். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. ஐந்தும் இருக்கிற புத்தகத்தில் ஒன்று தப்பு, தப்பில்லாத புத்தகத்தில் இரண்டு இல்லை. எதை எடுப்பது? அண்ணன் சிவப்பைத் தூக்கினார், வைத்தார், பச்சையைத் தூக்கினார், வைத்தார்.

பதினொரு மணிக்கு மேட்டில் வந்து நிற்பதாகச் சுகன்யா சொல்லியிருந்தாளாம். அண்ணன் ஃபோனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். காற்றுச் சத்தம்தான் முதலில் கேட்டது. மூன்று புத்தகத்திலும் எந்தெந்தக் கேள்வி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"தாயி, செவப்புப் புக்கா, பச்சப் புக்கா?"

"எதுன்னாலும் ஓகே சித்தப்பா."

"ஓகேன்னு சொல்லாத தாயி. ஒன்னயக் கெஞ்சிக் கேக்குறேன்."

"இல்ல சித்தப்பா, ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்."

அண்ணன் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, வேர்வையாகவும் இருக்கலாம். பிறகு வேறு மாதிரி கேட்டார். "சரி விடு. அந்த மலையேறுற கணக்குக்கு ஒனக்கு எம்புட்டு வருது?"

"இருவத்தஞ்சான்னு மொத நெனச்சேன் சித்தப்பா. அப்பறம் உக்காந்து போட்டா இருவத்தி நாலு வருது. எது சரின்னு தெரியாமத்தான் எழுதி விட்டேன்."

"செவப்புப் புக்குல இருவத்தஞ்சுன்னு போட்ருக்கு. எப்பிடின்னு இந்தத் தங்கச்சி வாசிக்கும், கேளு."

வாசித்தேன்.

"அப்பிடிப் போட்டாத் தப்புல்ல சித்தப்பா?"

"தப்புன்னா?"

"தப்புன்னா... அது வேணாம்."

"என்னது? சரியாக் கேக்கல தாயி."

"செவப்பு வேணாம் சித்தப்பா!"

கேட்டிருக்கும். நன்றாகவே கேட்டிருக்கும்! மறுபடி சொல்ல வைக்கத்தான் அப்படிக் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ. "நீலத்துல வெளக்கம் இருக்கா அக்கா?" என்று என்னையே கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப அதும் வேணாம். பச்சதான். ஆனா அந்த ரெண்டும் இல்லன்னா பச்ச மட்டும் எனக்குப் பத்தாது சித்தப்பா. வேற ஏதாச்சும் வேணும்."

"கேட்டீங்களாண்ணே, பத்தாதாம்!" என்று இராமலிங்கத்தைப் பார்த்துச் சிரித்தார் வேல்ராஜ் அண்ணன். பரிசு விழுந்தவர் மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. "வரிசையா வேணாங்குது பாருங்க!"

"அது சரி, என் யாவாரத்துலதான் மண்ணு" என்று சொல்லிக்கொண்டே பச்சையைக் கவரில் போட்டார் அவர்.

இந்நேரம் அந்தப் புத்தகம் மலையேறக் கிளம்பியிருக்கும். பச்சை சரிதானா என்று எனக்கு இன்னமும் தெரியாது, உண்மையைச் சொல்கிறேன். எனவே இந்தத் தேர்வை எழுதியவர்கள் தயவுசெய்து உதவுங்கள். வட்டப்படக் கணக்குக்கும் கம்பெனிக் கதைக் கேள்விக்கும் நல்ல விளக்கம் உள்ள புத்தகமோ, உங்கள் பழைய நோட்டோ, பழைய கேள்வித்தாளோ வீட்டில் கிடந்தால், வத்தலக்குண்டு இராமலிங்கம் கடையில் "கூக்கால் சுகன்யாவுக்கு" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் சம்மதித்துவிட்டார். செவ்வாய், வெள்ளி பதினொரு மணிக்குள் போனால் வேல்ராஜ் அண்ணன் கையிலேயே கொடுக்கலாம். தேர்வு மார்ச்சில், அதனால் இதை இன்றைக்கே நாலு பேருக்கு அனுப்புங்கள். உங்கள் புத்தகம் ஒத்து வராவிட்டால் சுகன்யா வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், வருத்தப்படாதீர்கள்.