தூரத்து எழுத்து

என் மகளிடம் நான் சொன்ன ஒரு பொய்க்கு இப்போது ஆறு வயது. தொலைக்காட்சியில் கீழே ஓடும் எழுத்து எனக்குத் தெரியவில்லை என்பதுதான் அந்தப் பொய். நான் மெல்பேர்னில் நோபல் பார்க் என்ற இடத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மருந்துப் பெட்டிகளில் கடுகளவு எழுத்தை நாள் முழுவதும் வாசிப்பதுதான் என் பிழைப்பு. கண்ணாடி போட்டால் முன்வீட்டுக் காரின் இலக்கத்தகடு வரை தெரியும். இருந்தும் பொய் சொன்னேன். சொன்னதோடு விடாமல், சோறூட்டி வளர்த்தும் விட்டேன்.

தொடங்கியபோது அது பொய்யாக இருக்கவில்லை. மெல்பேர்னே வீட்டுக்குள் பூட்டிக் கிடந்த லொக்டவுன் குளிர்காலம் அது. கிரான்பர்ன் வீட்டில் நான், என் கணவர், எங்கள் ஒரே மகள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் அவளுடைய அறைக்குள் கணினியில் நடந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் குசினிக்கு வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். “சாப்பிட்டியா?” என்றால் “யா.” “இன்னும் கொஞ்சம் போடட்டா?” என்றால் “ஐம் குட்.” பிறந்த நாளிலிருந்து நான் அவளோடு தமிழில்தான் கதைத்தேன். அவ்வளவும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

அந்த நாட்களில் அவள் உயிரை விட்டுப் பார்த்தது ஒரு சீனக் கார்ட்டூன். வாளில் ஏறிப் பறக்கிற மனிதர்களின் கதை. மலையுச்சியில் ஒரு வாள் மடம். அங்கே படிக்கும் இளைஞன் ஒருவன், செய்யாத குற்றத்துக்காகத் துரத்தப்படுகிறான். அவனுக்கு மூத்தவளாக அதே மடத்தில் படிக்கும் ஒருத்தி ஒவ்வொரு மாலையும் மடத்து மணியை அடிக்கிறாள், எங்கே இருந்தாலும் அவனுக்குக் கேட்கட்டும் என்று. பேச்சு சீனம், கீழே எழுத்து ஆங்கிலம். பொழுது போகாமல் நானும் பக்கத்தில் போய் இருந்தேன். மூன்றாம் நாள், சோபா செற்றியில் கழற்றி வைத்திருந்த என் கண்ணாடி மேல் அவள் தொப்பென்று இருந்துவிட்டாள்.

புதுக் கண்ணாடி வர மூன்று கிழமை ஆகும் என்றார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “சொறி அம்மா, நான் வாசிக்கிறன்” என்று ஆங்கிலத்தை வாசிக்கத் தொடங்கினாள். ரயில் போகிற வேகம். “அவ்வளவு கெதியா இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாது பிள்ளை. தமிழில சொல்லு” என்றேன். குற்றவாளியாக இருந்தபடியால் அவள் மறுக்கவில்லை. இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, வாயைத் திறந்தாள்.

“அந்த அங்கிள் சொல்லுறார், நீ இனி எங்கட மலைக்கு வரக்கூடாது.”

அந்த அங்கிள் மடத்தின் தலைவர். நானூறு வயது, முழங்கால் வரை வெள்ளைத் தாடி. அவளுக்குத் தெரிந்த தமிழில் பெரிய ஆட்கள் எல்லாரும் அங்கிள், அன்ரி. ஊரையே எரித்த அரக்கர் தலைவனும் அங்கிள்தான். “கறுப்பு உடுப்பு அங்கிள் எல்லாரையும் கொல்லப்போறாராம்” என்பாள், மரியாதை குறையாமல். மணி அடிக்கிறவள் ‘அக்கா’. இருவர் ஜென்மப் பகை கொண்டு சபதம் செய்யும் இடத்தில், “அவை ரெண்டுபேரும் இனிக் கதைக்க மாட்டினமாம்” என்றாள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சிரித்தால் நிறுத்திவிடுவாள்.

எங்கே இருந்து வந்ததோ அந்தத் தமிழ். நான் குசினியில் புறுபுறுத்தது, என் அக்காவோடு தொலைபேசியில் சண்டை பிடித்தது, ‘இஞ்சாருங்கோ’ என்று அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டது எல்லாம் வாள்வீரர்களின் வாயில் வந்தது. கல் கிணற்றில்தான் கிடந்திருக்கிறது, தொலையவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

மூன்று கிழமையில் புதுக் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. மகள் பக்கத்தில் வந்து இருந்து, “இப்ப ஓகேயா?” என்றாள். நான் யோசிக்கவே இல்லை.

“இது கிட்ட வாசிக்கத்தான் சரி. தூரத்து எழுத்து தெரியேல்லை.”

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு, “அக்கா சொல்லுறா” என்று தொடங்கினாள்.

என் கணவருக்கு டான்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பறக்கிற மனிதர்களை அவருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஆனால் என் களவு அவருக்கு ஒரு வாரத்திலேயே பிடிபட்டுவிட்டது. “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் எண்டுவினம். நீர் ஒரு பொய் சொல்லி மூண்டு சீசன் பாத்து முடிச்சிடுவீர் போல” என்றார். சொன்னபடியே நடந்தது. பொய்யைக் காப்பாற்ற நான் பட்டது கொஞ்சமல்ல. கிரிக்கெட்டில் ஓட்டம் எத்தனை என்று அவளிடம்தான் கேட்பேன். செய்தியில் கீழே ஓடுவதையும் அவள்தான் சொல்ல வேண்டும். “அப்ப எப்பிடி அம்மா கார் ஓடுறீங்கள்?” என்று ஒருநாள் கேட்டாள். ரோட்டு வேறு, டிவி வேறு என்று ஏதோ உளறித் தப்பினேன்.

லொக்டவுன் முடிந்தும் சனிக்கிழமை காலை பத்து மணி எங்களுடையதாக இருந்தது. அவள் வளர வளர அவளுடைய தமிழும் வளர்ந்தது. ‘அங்கிள்’ மட்டும் மாறவில்லை. மூன்றாவது சீசன் முடிந்த ஆண்டு அவள் பன்னிரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு சிட்னியில் பல்கலைக்கழகம் கிடைத்தது. அங்கே ஸ்ட்ராத்ஃபீல்டில், கூடப் படிக்கிற நாலு பிள்ளைகளோடு ஒரு வீட்டில் போய் இருந்தாள்.

பிள்ளை படிக்கப் போனதற்கு அழுகிற தாய் நான் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சனிக்கிழமை பத்து மணியானால் என் கையும் காலும் எனக்குச் சொல்வழி கேட்பதில்லை. செற்றியில் போய் இருப்பேன், எழும்புவேன், கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவுவேன். அவள் எடுக்கும் தொலைபேசி ஆங்கிலத்தில் வந்து ஆங்கிலத்தில் போகும். “குட், பிஸி, லவ் யூ.” அன்பு இல்லாமல் இல்லை. எனக்கு வேண்டியது அந்தக் குரலில் அந்தத் தமிழ். பசி மாதிரி அது ஒரே நேரத்துக்கு வந்தது.

இந்த ஆண்டு நடுவில் அந்தக் கார்ட்டூனை உண்மையான நடிகர்களை வைத்துத் தொடராக எடுத்துவிட்டார்கள் என்று செய்தி அனுப்பினாள். குளிர்கால விடுமுறைக்கு வீட்டுக்கு வருவதாகவும் சொன்னாள். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அவள் விடுமுறை முடிந்து திரும்பிய பிறகுதான் தொடர் தொடங்கும் என்று தெரிந்ததும், தொலைபேசியில் அவளை வாசிக்க வைக்கலாம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். அவள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

“அம்மா, உங்களுக்குக் கண் டெஸ்ட் புக் பண்ணியிருக்கிறன். நல்ல கண்ணாடி எடுத்தா நான் இல்லாட்டியும் நீங்களே வாசிச்சுப் பாக்கலாம்.”

தட்டிக் கழிக்க என்னென்னவோ சொன்னேன். எடுபடவில்லை. கிரான்பர்ன் கடைத்தொகுதியில் அந்த இருட்டறைக்குள் நான் பெரிய கதிரையில், அவள் மூலையில் சின்னக் கதிரையில். கண் பரிசோதிக்கிற பெண் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னாள். எதை விட்டு எதை வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மேல் இரண்டு வரியோடு நிறுத்தினேன். அந்தப் பெண் ஒரு கருவியை என் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். என் கண்ணாடியையும் இன்னொரு கருவியில் வைத்துப் பார்த்தாள். பிறகு பொறுமையாக, “இன்னொருக்கா முயற்சி செய்யுங்கள், இந்தக் கண்ணாடியோடு கடைசி வரி தெரியவேண்டும்” என்றாள் ஆங்கிலத்தில். படித்த பெண்ணை ஏமாற்றினால் பிழையான கண்ணாடிதான் கிடைக்கும், வேலையில் பிழையான மருந்தைக் கொடுத்துவிடுவேன் என்ற பயம் வந்தது. கடைசி வரியை ஒரே மூச்சில் வாசித்தேன்.

“இந்தக் கண்ணாடியே சரியாக இருக்கிறது. தூரப் பார்வையில் ஒரு குறையும் இல்லை” என்று அவள் மகளைப் பார்த்துச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கார் ஓடியது நான்தான். மூன்றாவது சிக்னலில், “எப்ப இருந்து தெரியும்?” என்றாள்.

“கண்ணாடி வந்த நாளில இருந்து.”

“பிரெண்ட்ஸ் கூப்பிட்டாலும் அம்மாவுக்கு வாசிக்கோணும் எண்டு போகாமல் நிண்டனான். உங்களுக்கு ஹெல்ப் பண்ணுறன் எண்டு நினைச்சன். தமிழில கதை எண்டு கேட்டிருக்கலாமே.”

“கேட்டனான். நீ ‘யா’ எண்டு சொன்னனீ.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய்க்கு எப்போதும் ஒரு அவசரம். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் வழக்குப் பேசிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிச்ச மூன்று நாளும் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை, எனக்கு வேலை இல்லாத நாள், தொடரின் முதல் பாகம் வந்தது. குசினி வேலையை முடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தனியே இருந்து பார்த்தேன். வீரனுடைய டோப்பா நெற்றியில் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தது. பறக்கும்போது இடுப்பில் கம்பி இழுப்பதும் தெரிந்தது. கேலி செய்ய ஆள் இல்லாமல் வாய் வறண்டுவிட்டது. பிறகு அக்கா வந்தாள். கார்ட்டூனில் அவள் அழுதால் கண்ணாடி மணி மாதிரி இரண்டு துளி விழும், முகம் அப்படியே இருக்கும். இங்கே அவள் மனிசி. இளைஞன் மலையை விட்டு இறங்கும்போது அவளுடைய மூக்குச் சிவந்தது, வாயோரம் நடுங்கியது, அழுகையை விழுங்கத் தொண்டை ஏறி இறங்கியது. அவள் சொன்னது எழுத்தில் ஓடியது. வாசித்தேன். வெறும் எழுத்தாக வந்து போனது. என்னை அறியாமல், “அக்கா சொல்லுறா” என்று சத்தமாகச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை.

அப்போதுதான் என் பிழை எனக்கு முழுதாக உறைத்தது. அவளுடைய சனிக்கிழமைகளை நான் கேட்காமல் எடுத்திருக்கிறேன். மகளுக்குச் செய்தி எழுதினேன், தமிழில், அழித்தழித்து.

“முதல் பாகம் பாத்தனான். எல்லா எழுத்தும் தெரிஞ்சது. ஒண்டும் விளங்கேல்லை. பொய் சொன்னது பிழைதான் பிள்ளை.”

புதன் போய் வியாழன் வந்தது, வெள்ளியும் போனது. செய்தியைப் பார்த்துவிட்டாள் என்று தொலைபேசி காட்டியது, பதில் இல்லை. சனிக்கிழமை பத்து மணிக்குக் கோப்பையைக் கழுவிக்கொண்டு நிற்கிறேன், தொலைபேசி மணி அடித்தது.

“டிவியில முதல் பாகத்தைப் போடுங்கோ” என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஈரக் கையோடு ஓடிப்போய்ப் போட்டேன்.

“கீழ ஓடுற எழுத்தை ஓஃப் பண்ணுங்கோ. அது இருந்தா நான் சொல்ல மாட்டன். இனிப் பொய் வேண்டாம்.”

“சரி பிள்ளை.”

ரிமோட்டில் இருந்த எல்லாப் பொத்தானையும் அமத்தினேன். ஆங்கிலம் போய் வேறு ஏதோ மொழி வந்தது, அது போய்ப் படம் சின்னதாகியது, பிறகு மறுபடியும் ஆங்கிலமே வந்து நின்றது. கணவர் வேலையில். இவளிடம் கேட்டால் பொறுமை இழந்து ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கிவிடுவாள்.

“ஓஃப் பண்ணிட்டீங்களா?”

“ஓம்” என்றேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தேன். அப்படியும் மங்கலாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

சீன வாத்தியம் கேட்டது. ஒரு கதவு திறந்தது. சிட்னியில் அவளுடைய அறையிலும் அதே கதவு அரை வினாடி பிந்தித் திறந்தது. அவள் தொண்டையைச் செருமினாள். “அங்கிள் சொல்லுறார்…” ஏழு மாதத்தில் தமிழ் துருப்பிடித்துப் போயிருந்தது. ‘சபதம்’ வரவில்லை, ‘ப்றொமிஸ்’ வந்தது. ‘தண்டனை’ நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனது. எனக்குத் தெரிந்த சொல்லை எடுத்துக் கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மெல்ல மெல்ல, பத்து நிமிடத்தில், சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. பதின்மூன்று வயதுக் குரல் இல்லை இது. கொஞ்சம் தடித்த, களைத்த, பெரிய பிள்ளையின் குரல். அதற்குள்ளேயும் அவள் இருந்தாள்.

மலையடிவாரம் வந்திருக்க வேண்டும், காற்றுச் சத்தம் கேட்டது.

“அக்கா சொல்லுறா, நீ எங்க போனாலும் நான் பின்னேரத்தில மணி அடிப்பன். நீ வராட்டியும் பரவாயில்லை. அடிக்கிறது என்ர வேலை.” பிறகு என்னிடம் கேட்டாள். “அம்மா, அக்கான்ர முகத்தைப் பாருங்கோ. கார்ட்டூனில இப்பிடி இல்லை, என்ன?”

“ஓம், பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்” என்றேன், கண்ணைத் திறக்காமல். “மூக்குச் சிவந்திட்டுது.”