ஜெபத்தில் நின்ற ஜீப் டிரைவர்

மலைக்கிராமமான பண்ணைக்காட்டில் என் தொண்ணூற்றிரண்டு வயது அம்மாவுக்கு ஒரு காலையில் நெஞ்சுவலி வந்தது. பதறிப்போய் ஜீப் டிரைவர் சாமுவேலுக்கும் எங்கள் சபையாருக்கும் போன் செய்தேன். வீடு நிறைந்தது. போதகர் ஜெபம் தொடங்கியதும் எல்லாரும் கண்களை மூடினார்கள். ஜீப் வந்த சத்தமே கேட்கவில்லையே என்ற தவிப்பில் நான் மட்டும் கண்ணைத் திறந்து தலைகளை எண்ணினேன். பதினெட்டாவது தலை சாமுவேல்! ஜீப்பை வாசலில் விட்டுவிட்டு, அவரும் கண்ணை மூடி நின்றிருந்தார்.

ஜெபத்தின் நடுவில் எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கினேன். அம்மாவே பலமாக, "ஆமென்" என்றார். எல்லாக் கண்களும் திறந்தன.

"ஏலே சாமுவேலு, வெரசா வண்டிய எடு. பாஸ்டரய்யா, மிச்சத்த ஜீப்புல வச்சுக்கலாங்க" என்றார் அம்மா.

"நல்லவேளை, தாமதிக்காமல் வந்தீர்கள்" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். அம்மா நலமாகத் திரும்பினார்.

இப்போதெல்லாம் அவசரமென்றால் நான் வாசலிலேயே நின்று, டிரைவரை வண்டியைவிட்டு இறங்க விடுவதில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கட்டும்.