அவள் மாற்றிச் சொன்ன வாக்கியம்

வலியசாலையில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவள் நான். கணவர் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கர். எங்கள் மகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தாள். நான் தமிழில் எழுதி ஒட்டியிருந்த மசாலா டப்பாக்களில் எது மல்லி, எது மிளகாய் என்று அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பது தெரிந்தபோதுதான் இந்த வகுப்பைத் தொடங்கினேன். இட்லி அவித்து, மதியத்துக்கு ஒரு குழம்பும் வைத்து மூடிவிட்டுத்தான் இன்றும் வகுப்புக்குப் புறப்படுகிறேன்.

அக்கிரகாரத்துப் பிள்ளைகள் வருவார்கள். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். சந்துகளில் 'லைன்' என்று சொல்லப்படும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகளும் வருவார்கள். வீட்டில் ஆளுக்கொரு தமிழ். தங்களுக்குள் பேசிக்கொள்வதெல்லாம் மலையாளம்.

அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் கஷ்டமானது வினைச்சொல்லின் கடைசி எழுத்துதான். மலையாளத்தில் அச்சன் வந்நு, அம்ம வந்நு, பட்டியும் வந்நு. யார் வந்தாலும் சொல் மாறாது. தமிழில் அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார், நாய் வந்தது. பிள்ளைகளுக்கு இது பெரிய தொல்லை. அவன் வந்தாள் என்பார்கள், சித்தி வந்தது என்பார்கள், சிரித்துக்கொண்டே திருத்துவேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு படத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். படத்தில் அடுப்படியில் ஒரு பெண், நாற்காலியில் செய்தித்தாளுடன் ஒரு ஆண். கீழே, 'அம்மா சமைத்தாள். அப்பா படித்தார்.' எல்லோரும் உரக்க வாசித்தார்கள். லைன் வீட்டிலிருந்து வரும் ஒரு சிறுமி மட்டும் வாசிக்காமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்புப் படிக்கிறவள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை.

"டீச்சரே, அப்பாக்கு ஆர் போட்டிருக்கு. அம்மைக்கு ஆள் போட்டிருக்கு. அம்மை சின்ன ஆளா?"

நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் எழுதினேன். அந்த வாக்கியத்தை நிறுத்திப் பார்த்ததே இல்லை.

"இல்ல மக்ளே. சமைத்தார்னும் எழுதலாம். அதுவும் சரிதான்."

"பின்னே என்னத்துக்கு இப்பிடி எழுதினாங்க?"

"எழுதினவங்க வீட்டுல அப்பிடி இருந்திருக்கும்."

"எங்க வீட்டுல இப்பிடி இல்லல்லோ" என்றாள் அவள். "எங்க வீட்டுல அப்பாதான் சோறு வெய்க்கும். மீனும் வெட்டும். அம்மை மண்ணு சுமக்கப் போகும்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஒரு பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் வெட்டுவதுபோல் நடித்துக் காட்டினான். அவள் அழவில்லை. "எங்கப்பா கொத்தனாரு. சாந்து பூசுததும் கரண்டி, கொழம்பு கிண்டுததும் கரண்டின்னு எங்கப்பா சொல்லும்" என்றாள். அந்தப் பையனே அடுத்து வாய்விட்டுச் சிரித்தான், இந்தமுறை அவளோடு சேர்ந்து.

பாடத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் வீட்டில் யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். ஒருத்தியின் தாய் வங்கியில் மேலாளர், ஆனால் படம் வரையச் சொன்னால் அவளும் தாயை அடுப்புக்கு முன்னால்தான் வரைந்தாள். ஒருவனின் அப்பா கோயில் விசேஷங்களுக்கு ஊருக்கே சமைப்பவர், வீட்டில் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்க மாட்டாராம். அன்று வினைமுற்று நன்றாகவே பதிந்தது. அம்மாவுக்கும் ஆர், அப்பாவுக்கும் ஆர் என்று வகுப்பே முடிவு செய்தது.

சங்கத்துச் செயலாளர் மாமாவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. "பாஷையை மட்டும் சொல்லிக் குடுங்கோ, போறும். மத்ததெல்லாம் அவாவா ஆத்துல பாத்துப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் தலையாட்டிவிட்டு என் போக்கில் இருந்தேன்.

அந்தச் சிறுமியின் அப்பாவை நான் முன்பே அறிவேன். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். வேலை செய்யும் இடத்தில் சாரம் சரிந்து விழுந்து, காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். இன்னும் சில மாதம் அந்தக் காலில் பாரம் ஏற்றக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இவருக்குச் சித்தாளாகக் கூடப் போய்க்கொண்டிருந்த மனைவி இப்போது வேறு கொத்தனாரிடம் வேலைக்குப் போனாள். இவர் கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு மகளை அழைத்து வருவார், வகுப்பு முடியும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். இறங்கி வரும் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு கேலி வைத்திருப்பார். சமையலைப் பற்றிக் கேட்டால் முகம் மலரும்.

"அடுத்த வீட்டு சேச்சி மீனுக்குப் போடுத கொடம்புளி தந்தா டீச்சரே. போட்டுப் பாத்தேன். புள்ளைக்குப் பிடிச்சுப் போச்சு. இப்பம் அது இல்லாம சோறு எறங்க மாட்டேங்கு."

ஆண்டு விழா நெருங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி தன் வீட்டைப் பற்றி இரண்டு வாக்கியம் தமிழில் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். அவள் தானே எழுதிக்கொண்டு வந்தாள். 'எங்கள் அப்பா மீன்குழம்பு வைப்பார். எங்கள் அம்மா நாலு மாடிக்கு மணல் சுமப்பார்.' நான் ஒரு எழுத்துக்கூடத் திருத்தவில்லை. ஒத்திகையில் கையை வீசி, குரலை உயர்த்தி, நாலு மாடி என்னும்போது அண்ணாந்து பார்த்துச் சொல்வாள்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு அவர் படியில் உட்காரவில்லை. மேலே ஏறி வந்து, பிள்ளைகள் போகட்டும் என்று காத்து நின்றார்.

"டீச்சரே, அந்த மீன்குழம்பு விஷயம் மேடையில வேண்டாம்."

"ஏன்? நல்லாச் சொல்லுதாளே."

"ஊர்லேர்ந்து எங்க அண்ணன் வந்திருக்காரு. வந்த அன்னைக்கி நான் மீன் கழுவிட்டு இருந்தேன். வாசல்ல நின்னு லைன் முழுக்கக் கேக்க ஒரு சிரிப்பு சிரிச்சாரு. பொண்டாட்டி மண்ணு சுமக்கா, நீ செதிலு தேய்க்கியான்னாரு. அதுக்கு முன்ன ஒருத்தனும் ஒண்ணும் சொன்னதில்ல. இப்பம் எல்லாவனும் சொல்லுதான்."

அதில் கேவலம் எதுவுமில்லை என்று சொன்னேன். வீட்டைப் பார்த்துக்கொள்வதும் வேலைதான் என்றேன். பிள்ளைகளுக்குச் சொன்ன எல்லாவற்றையும் அவருக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்லுதது சரிதான் டீச்சரே. ஆனா லைன்ல உள்ளவனுவ உங்க கிளாசுக்கு வரமாட்டானுவளே."

மகளைக் கூப்பிட்டு, வேறு ஏதாவது சொல்கிறாயா என்று அவர் முன்னாலேயே கேட்டேன். அவள் புரியாமல் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுதானே சத்தியம்?" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். "சரி, நீ அதையே சொல்லு மக்ளே. அப்பா வரல்ல, அவ்வளவுதான்."

விழா அன்று கூடம் நிறைந்திருந்தது. அவளுடைய அம்மா வேலையிலிருந்து நேராக வந்து, கையும் காலும் கழுவி, கொண்டுவந்திருந்த சேலையை மாற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். காதோரத்தில் மட்டும் சிமென்ட் காய்ந்திருந்தது. சிறுமியின் முறை வந்தது. மேடையேறி, வணக்கம் சொல்லி, வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். வாசல் பக்கம் பார்த்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் பக்கவாட்டிலிருந்து முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கள் அம்மா மீன்குழம்பு வைப்பாள். எங்கள் அப்பா நாலு மாடி கட்டுவார்."

இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை. நன்றாகக் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் அவளுடைய அம்மா மட்டும் தட்டவில்லை. கைகள் மடியிலேயே கிடந்தன.

இறங்கி வந்தவளை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனேன். முகத்தில் அப்பியிருந்த பவுடரைத் துடைத்துவிட்டபடியே, "ஏன் மக்ளே மாத்திட்டே?" என்று கேட்டேன்.

"அப்பா வந்திருக்கு டீச்சரே. வாசல்ல நிக்குது. பெரியப்பாவும் கூட நிக்குது."

நான் எட்டிப் பார்த்தேன். வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அண்ணன் ஏதோ சொல்லித் தோளில் தட்டினார். அண்ணனுக்குச் சந்தோஷம். இவர் கட்டையில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தபோது, அவளைப் பார்க்க முடியாமல் வேறெங்கோ பார்த்தார்.

அடுத்த வாரம் அவள் தனியாக வந்தாள். அப்பா வேலைக்குப் போய்விட்டார் என்றாள். கால் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

லைனுக்குத் தேடிப் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். செங்கல் சுமந்து படியேறும்போது கால் மடிந்து, உள்ளே வைத்த கம்பி வளைந்துபோயிருந்தது. மறுபடி அறுவை நடந்திருக்கிறது. இனி முழங்காலை மடக்க வராது என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். மகள் ஸ்டவ்வுக்கு முன்னால் நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பானையின் கனம் தாங்காமல் உடம்பைப் பின்னால் வளைத்திருந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனபிறகுதான் அவர் திரும்பிப் படுத்தார்.

"அண்ணன் சிரிச்சது பெரிசில்ல டீச்சரே. விழாவுக்கு நான் வந்ததே, புள்ள பேசுதத நானும் ஒரு தடவ கேக்கணும்னுதான். அண்ணன் கூடவே வந்துட்டாரு. பாத்தா, எனக்காகப் புள்ள பொய் சொல்லுதா. அவ்வளவு பேரு முன்ன. அவ சொன்னத நெசமாக்கிரணும்னு தோணிச்சு. அதான் வேலைக்குப் போனேன்."

அவருடைய கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. நானும் பார்க்காததுபோல் சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்தேன்.

மாத முடிவில் ஊருக்குப் போய்விட்டார்கள். போகுமுன் அம்மா மட்டும் வகுப்புக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய போன் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன். சில மாதம் கழித்து ஒரு மாலையில் அழைத்தேன். பீடி சுற்றுகிறாளாம். மகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்களாம். மகள்தான் காலையில் கஞ்சி வைத்துவிட்டுப் போகிறாள், வந்ததும் ராத்திரிக்கு உலை வைக்கிறாள் என்றாள்.

"அவரு உக்காந்தபடிக்கே ஏதாவது வெட்டித் தரலாமே" என்றேன், கேட்டிருக்க வேண்டாமோ என்று நினைத்துக்கொண்டே.

"அங்க இருக்கும்போ செஞ்சாவ டீச்சரே. இங்க செய்ய மாட்டாவ. அவிய அண்ணன் வீடு அடுத்த வாசலுல்லா. நாள் முழுக்க ஒத்த வார்த்த பேசுதது இல்ல." "அங்க எப்பிடிச் சிரிச்சுக்கிட்டு இருந்த மனுசன்" என்றாள்.

மகளிடம் கொடுத்தாள். குரல் அதற்குள் கொஞ்சம் மாறியிருந்தது. மலையாளம் கலக்காத, சுத்தமான அந்த ஊர்த் தமிழ். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன், நல்லாருக்கு என்றாள். தமிழ் எப்படி என்று கேட்டேன், அது ஈசிதான் டீச்சர் என்றாள். 'டீச்சரே' போய்விட்டது. வேறென்ன கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் தண்ணீர் கேட்டது. அவள் அப்பாவின் குரலா, பெரியப்பாவின் குரலா என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னா வாரேன்" என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். துண்டிக்கவில்லை. பாத்திரம் உரசும் சத்தமும், தூரத்தில் ஒரு ஆடு கத்துவதும் கேட்டது. திரும்பி வருவாள் என்று காதில் வைத்தபடியே நின்றிருந்தேன். யாரோ அவளை இன்னொரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதன்பிறகு நானே வைத்துவிட்டேன்.