வெறும் வயிற்றோடு வரவும்

மகளுக்கு டான்சில் எடுத்துவிடலாம் என்று முடிவானதும் நான் முதலில் வாங்கியது ஒரு நாற்பது பக்க நோட்டு. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் வரிசை எண் போட்டு அதில் எழுதினேன். திருவள்ளூரில் அந்தக் காது மூக்கு தொண்டை டாக்டர் பொறுமைசாலி. பதினொரு கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பன்னிரண்டாவதாக, "எடுத்த பிறகு, எடுத்திருக்க வேண்டாமோன்னு தோணினா திரும்ப வைக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அவளுக்கு ஆறு வயது. மாதம் தவறாமல் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வரும். ஒன்றாம் வகுப்பில் அவள் இருந்த நாட்களைவிட, அவளுக்காக நான் எழுதிய விடுப்புக் கடிதங்கள்தான் அதிகம் என்று டீச்சர் சொன்னார். தூங்கும்போது மூச்சு நடுவில் நின்றுபோய், ஒரு உலுக்கலோடு திரும்ப வரும். அதுவரை நான் மூச்சு விடமாட்டேன். ஏற்கெனவே இரண்டு முறை ஆபரேஷன் தேதி குறித்து, இரண்டு முறையும் அவளுக்குச் சளி பிடித்துத் தள்ளிப்போனது. மூன்றாவது தேதிக்குப் பிறகு டாக்டர் ஒரு மாதம் வெளியூர் போகிறார். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போகும் என் கணவருக்கோ, இனி லீவு என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாத நிலை. ஆக, இந்தத் தேதி தப்பக்கூடாது.

மருத்துவமனை கொடுத்த சீட்டில், 'வெறும் வயிற்றோடு வரவும்' என்று இருந்தது. வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்று நர்ஸ் விளக்கினார். பின்பு நான் வேறு எதையும் நினைக்கவில்லை. குழந்தை ஏங்கக்கூடாது என்பதால், அன்று காலை வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். உதவிக்கென்று ஊத்துக்கோட்டையிலிருந்து முந்தின நாளே வந்திருந்த நாத்தனாருக்கும் அதே சட்டம்தான். என் கணவரின் அக்கா அவர். காலையில் எழுந்ததும் காப்பி வேண்டும் அவருக்கு.

"ஏம்மா, ஆபரேசன் கொயந்தைக்குத்தானே? எனக்கும் சேத்தா பண்றாங்கோ?"

"அண்ணி, அவ எதிர்ல வேணாம் அண்ணி."

"பாத்ரூம்ல போய்க் குடிச்சிக்கினு வரட்டா?"

"வாசனை வரும் அண்ணி."

அவர் தன் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தார்.

கிளம்பும்போது மகளின் சட்டையில் ஒரு தாளை ஊக்கால் குத்தினேன். 'எனக்கு ஆபரேஷன். சாப்பிட, குடிக்க எதுவும் தராதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே என் கைப்பேசி எண்ணையும் போட்டிருந்தேன். கடைசி நேரத்தில் பஸ்ஸில் யாரிடமாவது சளி தொற்றிவிட்டால்? முகக்கவசமும் மாட்டிவிட்டேன்.

புதுவாயலில் பஸ் ஏறியதும் கண்டக்டர் தாளைப் படித்தார். "இன்னா பாப்பா, மேல போர்டு மாட்டிக்கினு வர? எந்த ரூட்டு நீ?" என்றார். பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டிலிருந்த ஒருவர், "புள்ளைக்கு சோறு போடாதேன்னு எய்தி வச்சி கூட்டிக்கினு போறாங்களே, இன்னா அம்மா இது" என்று யாரிடமோ சொன்னார். பெரியபாளையத்தில் கொய்யாக் கூடையோடு ஒரு அம்மா ஏறி, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அது தெரியாது. ஒரு கொய்யாவை முந்தானையில் துடைத்து மகளின் கையில் வைத்தார். நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் போட்டார்.

"ஒரு கொய்யாக்கு இன்னாத்துக்கும்மா இப்டி கத்துற?"

"ஆயா, எனக்கு ஆபரேசன். ஒண்ணும் துன்னக்கூடாது" என்று மகள் பெருமையாகச் சொன்னாள். நாத்தனார் அந்தக் கொய்யாவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மருத்துவமனையில் நர்ஸ் கேட்டார்: "ஏதாவது சாப்பிட்டாளா?"

"இல்ல சிஸ்டர். தண்ணிகூட இல்ல. பஸ்ல ஒரு கொய்யா வந்துது, தடுத்துட்டேன்."

நர்ஸ் எழுதிக்கொண்டு, பச்சை அங்கியைக் கொடுத்துவிட்டுப் போனார். சட்டையைக் கழற்றினேன். முகக்கவசத்தையும் கழற்றினேன். மகளின் மேலுதட்டில் அழகாக ஒரு மஞ்சள் மீசை இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வருடமாக, தொண்டைக்கு நல்லது என்று தினமும் காலையில் மஞ்சளும் மிளகும் போட்டு அவளுக்குப் பால் கொடுக்கிறேன். அன்றைக்கும் ஆறரை மணிக்கு, மற்றவர்கள் எழுவதற்கு முன்பே, கை தன்பாட்டுக்குக் காய்ச்சி, ஆற்றி, அவள் மூக்கைப் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றியிருக்கிறது. அது எனக்குச் சாப்பாட்டுக் கணக்கிலேயே இல்லை, மருந்து. அவளுக்கும் அப்படித்தான். கேட்டால் அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

மணி ஒன்பதே கால். பத்து மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோவார்கள். வேறு யாரும் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் மீசையைத் துடைத்தேன். மஞ்சள் பட்ட தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். சொன்னால் இந்தத் தேதியும் போகும். இன்னும் ஒரு மாதம் அந்த மூச்சு நின்று நின்று வரும். சொல்லாவிட்டால்? ஒரு டம்ளர் பால்தானே, இந்நேரம் ஜீரணித்திருக்காதா? பாலுக்கு எத்தனை மணி நேரம் என்று மட்டும் என் நோட்டில் கேள்வி இல்லை. காப்பி இல்லாமல் தலையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்கிறேன், டாக்டரைவிட அவருக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து கேஸ் சீட்டைப் புரட்டினார்.

"டாக்டர், அவ பால் குடிச்சிருக்கா."

"யார் குடுத்தது?"

"நான்தான்."

"எப்போ? எவ்வளவு?"

"ஆறரைக்கு. ஒரு டம்ளர். மிளகு போட்டது."

"மிளகை நான் கேக்கலம்மா." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பால்னா ஆறு மணி நேரம் ஆகணும். பத்து மணிக்கு முடியாது. கடைசி கேஸா ஒரு மணிக்கு எடுக்கலாமான்னு சார்கிட்ட கேக்கறேன். அதுவரைக்கும் எதுவும் குடுக்காம இருப்பீங்களா, இல்ல உங்களை வெளிய உக்கார வெக்கணுமா?"

டாக்டரம்மா கேஸ் சீட்டோடு வெளியே போனார். பிறகு நாத்தனார் மெதுவாக எழுந்தார்.

"ஏ பொண்ணு. காலைலேர்ந்து எனக்கு மண்டை பொளந்துக்கினு கீது. வாசனை வரும்ன. கொய்யாக்காரியப் பாத்துக் கத்தின. உன் ஊட்டுக்காரன் பல்லு வௌக்குன தண்ணியக்கூட கொப்புளிச்சானான்னு கிட்ட நின்னு பாத்த. நீ மட்டும் மஞ்சா போட்டு, மொளகு போட்டு, பேஷா பால் காய்ச்சி ஊத்திகீற?"

"மருந்துன்னு நெனச்சிட்டேன் அண்ணி."

"அப்ப எனக்குக் காப்பியும் மருந்துதான்." வாசலில் திரும்பி நின்று தம்பியை அழைத்தார். "வாடா. நாஷ்டா துன்னுட்டு வரலாம். இவதான் கொயந்தைய நல்லாப் பாத்துக்குவாளே."

கணவர் சிரிப்பை அடக்க முடியாமல், இருமுவதுபோல் நடித்துக்கொண்டே பின்னால் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஒரு மணிவரை அந்தக் கைகள் எதையும் தொடவில்லை. பதினோரு மணிக்கு மகள் பசிக்கிறது என்று அழுதபோது, கண்ணீரைத் துடைக்கக்கூட அவள் அப்பாவைத்தான் கூப்பிட்டேன்.

டாக்டர் சம்மதித்தார். ஒன்றேகாலுக்கு உள்ளே போனவள் இரண்டு மணிக்குள் வெளியே வந்துவிட்டாள். அந்த முக்கால் மணி நேரத்தில் நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் திட்டாமல், ஒரு பொட்டலம் இட்லியை என் மடியில் வைத்தார். நான் பிரிக்கவில்லை. அவரே பிரித்தார். "துன்னு. உனக்கு ஆபரேசன் இல்ல."

மாலை ஐந்து மணிக்கு நர்ஸ் வந்து, ஜில்லென்று ஏதாவது கொடுக்கலாம் என்றார். கணவர் ஓடிப்போய் ஒரு கப் வெனிலா ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இப்பவே குடுக்கலாமா சிஸ்டர்?"

"குடுக்கலாம்."

"ஒரு ஸ்பூனா, முழுசாவா?"

"எழுதித் தரணுமா?"

"தந்தா நல்லாருக்கும்" என்றேன். சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

அரை ஸ்பூன் எடுத்து அவள் உதட்டில் வைத்தேன். அழுதுகொண்டே விழுங்கினாள். விழுங்கிவிட்டு, அழுதுகொண்டே மறுபடி வாயைத் திறந்தாள்.