பதினாலு படி அதிகம்

சித்திரை மத்தியானத்தில் பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு திருத்தணி மலைப்படி ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன ஒரு அம்மா தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, நான் கால் வைக்கப்போகிற கல்லிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே சேர்ந்தபோது அவர் குடிக்க ஒரு சொட்டு இல்லை. பிரபாவதி அக்காவை நான் அறிந்தது அப்படித்தான்.

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர். முப்பது வருஷம் தறிச் சத்தத்திலேயே நின்றதால், அவர் சாமியிடம் வேண்டிக்கொள்வது நாலு பேருக்குக் கேட்கும். அதே நிற்பில் வலது முழங்காலும் கெட்டுவிட்டது. அவர் தெருப் பெண்கள் பதினோரு பேர் தை மாதம் டில்லி பார்க்கப் போகிறார்கள் என்றதும், சென்னையைத் தாண்டாத அக்காவுக்கும் ஆசை வந்தது. மகன் குமரவேல் கேலி செய்தானாம்: "குதுப்மினாருக்கு முந்நூத்தி எழுவத்தொம்போது படிம்மா. இந்தக் காலை வெச்சுகினு ஏறுவியா? ஏறிக் காட்டு, டிக்கெட் போடறேன்."

நம் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. அக்கா செவ்வாய்தோறும் வர ஆரம்பித்தார். கடைசிப் படி ஏறி, என் பூக்கடை முன்னால் மூச்சு வாங்கி, பதினாலு படி திரும்ப இறங்கி, மறுபடி ஏறுவார். அதற்கப்புறம்தான் சாமி தரிசனம்.

எதிரே தேங்காய்க் கடை வைத்திருக்கும் கஜபதி அண்ணன் விடமாட்டார். "இன்னாம்மா, வாரா வாரம் இறங்கி இறங்கி இன்னாத்த தேடுற?"

"ஆங், டில்லிக்கு வழி தேடறேன்."

ஐப்பசியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். கார்த்திகையில் ஒரே இடம். மார்கழி முதல் செவ்வாயில் மகனும் எண்ணிக்கொண்டே கூட வந்தான். அக்கா உட்காரவே இல்லை. இருநூறாவது படியில் உட்கார்ந்தவன் மகன்தான். மேலே வந்து என் கடையில் நின்றபடியே போனில் டிக்கெட் போட்டான்.

மறுநாள் பூ வாங்க வந்த ஒரு பட்டாளத்துக்காரர், குதுப்மினாருக்குள் யாரையும் ஏற விடுவதில்லை, பூட்டிப் பல வருஷம் ஆகிறது என்றார். சொல்லலாமா வேண்டாமா என்று தினமும் முருகனையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரயிலேறுவதற்கு முந்தின செவ்வாய், மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல் பதினாலு படி இறங்கினார். அங்கே நின்று, என்னைப் பார்த்து, மலைக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"பூட்டிகினே இருக்கட்டும், துர்கா. நேரா போயி கீழ நின்னு, 'உன்னை நான் எங்க ஊர்லயே ஏறிட்டேன்'னு அதுகிட்ட சொல்லிட்டு வரேன்."