குன்றுப் பாதையும் ஒரு பழைய இரும்பும்

1928 ஜூன் 17, ஞாயிறு. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்து, விபூதி இட்டு, பழைய சோற்றில் மோர் விட்டுச் சாப்பிட்டேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்து, கிள்ளான் போகும் முதல் ரயிலைப் பிடித்தேன். ஞாயிறுதோறும் துணி துவைப்பது வழக்கம். அன்று முடியவில்லை.

நில அளவை ஆபீசில் எனக்குப் படம் வரையும் வேலை. எங்கள் துரையும் அவருடைய நண்பர்களும் விடுமுறையில் நாட்டுப்புறத்தில் நடப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். கிள்ளானிலிருந்து தோட்டங்கள் வழியாக, பழங்கால மண்கரை வளைத்திருக்கும் ஒரு குன்று வரை நடைவழி வரைந்து தரச் சொன்னார். அந்தப் பக்கம் முன்பு மண்ணுக்குள்ளிருந்து பழைய இரும்புக் கருவிகள் கிடைத்திருந்தன. இன்னும் ஏதாவது கண்ணில் பட்டால் குறித்துவர வேண்டும். ஆள் விட்டு எடுத்து மியூசியத்துக்கு அனுப்பிவிடுவார்.

அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்கத் துணை இல்லை. காலால்தான் அளந்தேன். நூறு காலடி வைத்ததும் ஒரு புளியங்கொட்டையை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவேன். சீனர்களின் கீரைப் பாத்திகள் முடியப் பதினொரு கொட்டை. மலாய்க்காரர்களின் தென்னந்தோப்பு ஒன்பது. அன்னாசிக் காடு பதினான்கு. அங்கே பெயருக்கும் நிழல் இல்லை. ரப்பர்த் தோட்டத்து ஏற்றத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்கியது. எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. மண்கரை இடுப்புயரம்தான், யாரோ பாதியில் விட்டுப்போன வாய்க்கால் கரைபோல இருந்தது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று அலுப்பாக வந்தது.

கரைக்கு உள்ளே நாலு கம்பும் தகரக் கூரையுமாக ஒரு முனியாண்டி கோயில். சாமிக்கு முன்னால் ஒரு முழ நீளத் துருவேறிய இரும்பை நட்டு, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் செருகியிருந்தார்கள். மியூசியத்தில் பார்த்த அதே வகை. நோட்டுப் புத்தகத்தில் அந்த இடத்துக்குப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னா எழுதுறீங்க கிராணி ஐயா?” ஆபீஸ் வேலைக்காரர் எல்லாருமே தோட்டத்தில் கிராணிதான்.

“வழி எழுதுறேன்மா. தொரைங்க நடந்து வர்றதுக்கு.”

“ரயிலு, காரு எல்லாம் அவங்களோடது. அப்புறம் ஏன் நடக்குறாங்க?”

“ஒடம்புக்கு நல்லதாம்.”

“அப்படிப் பார்த்தா நாங்க எல்லாம் பயில்வானால்ல இருக்கணும்” என்றாள். பிறகு துடைப்பத்தைக் கீழே வைத்தாள். “வந்தாங்கன்னா இதை எடுத்துட்டுப் போயிருவாங்கய்யா. மரம் நடக் குழி வெட்டுறப்ப மூணு கெடைச்சுது. ரெண்டை ஏற்கெனவே ஒரு தொரை கொண்டு போயாச்சு. மலாய்க்காரங்க இது இரும்புக் கை உள்ள ஏதோ கொரங்கோட எலும்புங்கிறாங்க. எலும்பு துருப்பிடிக்குமா? இது முனியோட அருவா. இதை நட்டப்புறம்தான் காய்ச்சல்ல கெடந்த என் வீட்டுக்காரரு எந்திரிச்சு வேலைக்குப் போறாரு. எழுதாதீங்க.”

“நான் எழுதாட்டி வேற ஒருத்தன் வந்து எழுதுவான்.”

“அவன் வந்தா அவங்கிட்டயும் சொல்றேன். இப்ப வந்திருக்கிறது நீங்கதானே.”

அது முனியின் அரிவாள் என்று நான் நம்பவில்லை. பேச்சில் காலடிக் கணக்கு விட்டுப்போயிருந்தது. தோட்டத்து வாசல்வரை இறங்கி, மறுபடியும் எண்ணிக்கொண்டு ஏறினேன். அவள் அந்த இரும்பை மறைத்தாற்போல நின்றுகொண்டிருந்தாள். திரும்பும்போது கரையின் வெளிப்புறமாகச் சுற்றியும் அளந்தேன், ஆறு கொட்டை. அங்கிருந்து கோயில் கூரைதான் தெரிந்தது, இரும்பு தெரியவில்லை. அதை எதற்கு அளந்தேன் என்று அப்போது எனக்கே நிச்சயமில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்து வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்தேன். பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில், கண்ணால் பார்த்து எழுதிய ஒரு குறியையும் நான் அழித்ததில்லை. அன்று நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே தெம்பில்லை.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து உருட்டி, தாளில் தடம் தெரியாதபடி அந்தப் பெருக்கல் குறியைத் தேய்த்து எடுத்தேன். பிறகு மை தொட்டு, பாதையைக் கரைக்கு வெளியே வரைந்தேன்.